கடல் பார்க்கப் போட்ட லீவு

என் மகனும் மருமகளும் ஏப்ரல் லீவுக்குப் பயணம் போகத் திட்டம் போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். ஆளுக்கொரு போனைத் தடவினார்கள். தங்க அறை கிடைத்துவிட்டது, போகிற பாதை நீலக் கோடாக வந்துவிட்டது. "அவ்வளவுதாம்மா, சனிக்கிழமை கெளம்புறோம்" என்றான் மகன். எனக்கு ஏனோ ஆத்திரமாக வந்தது. இதற்குப் பெயர் திட்டமா? நம் வயதுக்காரர்களுக்குத்தான் என் ஆத்திரம் புரியும். நம் வீடுகளில் ஒரு பயணத்தை மாசி மாதம் அடுப்படியில் தொடங்கினால், சித்திரை வரைக்கும் தினமும் சாயங்காலம் அதில் போய்க்கொண்டே இருப்போம். நிஜமாகப் புறப்படுகிற நாளில் பாதி ஊர்கள் நமக்குப் பழகிப் போயிருக்கும்.

அப்படி ஒரு பயணத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நோர்வூட்டுக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். அப்பாவுக்குத் தேயிலைத்தூள் செய்கிற ஸ்டோரில் வேலை. அம்மா கொழுந்து எடுப்பவள். அப்பா வந்தால் வறுத்த தேயிலை வாசம் முதலில் உள்ளே வரும், ஆள் பிறகு வருவார். அம்மாவின் தலைத்துண்டில் மழையும் அடுப்புப் புகையும் கலந்து மணக்கும். எனக்குப் பத்து வயது இருக்கலாம். தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. வரிசை வீடுகளான லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை, அதன் பின்னால் ஓர் அடுப்படி. அந்த அடுப்படியில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் வாசலில் நின்றுதான் பேச வேண்டும்.

கடல் ஆசை அம்மாவுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு அந்தப் பயணத்துக்கு ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். கல்யாணமான புதிதில் அம்மாவும் அப்பாவும் சிவனொளிபாத மலை ஏறியிருக்கிறார்கள். விடிகிற நேரத்தில் உச்சியில் நின்றவர்கள் எல்லோரும் மேற்குப் பக்கம் கையை நீட்டி, "அந்தா பாரு, கடல் தெரியுது" என்றார்களாம். குளிரில் மரத்துப்போன காலோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அம்மா, எக்கிப் பார்ப்பதற்குள் பனிமூட்டம் வந்து மூடிவிட்டது.

"எல்லாரும் பாத்துட்டாங்க. ஒங்கப்பாகூடப் பாத்துட்டாரு. எனக்கு மட்டும் மூடிக்கிச்சு" என்பாள்.

சொல்லும்போது சிரிப்பாள். அது சிரிப்பில்லை என்பது எனக்கே தெரியும். கடல் எப்படி இருந்தது என்று அப்பாவைக் கேட்டால், "என்னத்த, வெள்ளையா ஒரு கோடு" என்பார். கண்ணால் பார்த்தவருக்கு அவ்வளவுதான். பார்க்காதவளுக்கு அந்தக் கோடு வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மேல் மலையில் நிரை போட்டுக் கொழுந்து எடுக்கிற நாட்களில் வானம் கொஞ்சம் வெளுத்தால் போதும், அம்மா கையை நிறுத்திவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். கங்காணி சத்தம் போட்டால்தான் கை மறுபடி அசையும்.

அந்த மாசியில் ஹட்டனிலிருந்து மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி. டவுனில் ஒரு மரக்கறி மொத்தக்கடையில் வேலை. லொறியோடு ஒரு தடவை திருகோணமலை வரைக்கும் போய்வந்தவர் என்பதால் எங்கள் லயத்தில் அவருக்குக் கப்பல் ஓட்டியவருடைய மரியாதை. "அக்கா, இந்தச் சித்திர லீவுக்கு நம்ம கடலுக்குப் போறோம்" என்று வாசலில் நின்றபடியே அறிவித்தார். அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து தொடங்கியது. அப்பா ஸ்டோரிலிருந்து உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்றைக் கொண்டுவந்தார். மாமா வருகிற நாட்களில் அதன்மேல் அடுப்புக்கரியால் பாதை போடுவார். கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய், திருகோணமலை. அந்தப் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண் சொக்கும். அடுப்பின் சூடு ஒரு பக்கம், வெளியே யூக்கலிப்டஸ் மரங்களில் காற்று ஒரு பக்கம். மாத்தளை தாண்டும்போது தூங்கிவிடுவேன். அதனால் வெகுகாலம் வரைக்கும் எனக்குத் தம்புள்ளை என்றால் பாதிக் கனவில் பார்த்த ஊர்தான். கந்தளாயில் ஒரு குளம் உண்டு, அதில் யானை தண்ணீர் குடிக்கும் என்று மாமா சொல்லியிருந்தார். என் கனவில் அந்த யானை எங்கள் லயத்துப் பீலியில் தண்ணீர் பிடிக்க வாளியோடு வரிசையில் நின்றது.

அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "தம்பி, கடல் வண்டிக்கு எந்தப் பக்கமா வரும்? எடது பக்கமா, வலது பக்கமா?" எந்தப் பக்கத்து ஜன்னலில் உட்காருவது என்று முடிவெடுக்க வேண்டுமே. மாமாவால் சொல்ல முடியவில்லை. அவர் போனபோது லொறியின் பின்னால், மூடிய படங்குத் துணிக்குக் கீழே, லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவில் படுத்திருந்தார் என்பது அப்போதுதான் வெளிவந்தது. அப்பா இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்பாவின் பங்கு உடுப்பு விஷயத்தில். ஸ்வெட்டர், மப்ளர், கம்பளி எல்லாவற்றையும் எடுத்துவைக்கச் சொன்னார். "இங்க ஒரு பீலித் தண்ணிக்கே இந்தக் குளிரு குளிருது. அம்புட்டுத் தண்ணி இருக்கற எடத்துல எப்புடி இருக்கும், யோசிச்சுப் பாரு" என்றார். யோசித்துப் பார்த்தோம். சரியாகத்தான் பட்டது. மாமா மட்டும் என்னவோ சொல்ல வாயெடுத்தார், அப்பா ஒரு பார்வை பார்த்தார், மாமாவுக்கு லீக்ஸ் கட்டு நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டார். கிளாக்கர் ஐயா வீட்டிலிருந்து சிவப்பு மூடி போட்ட பிளாஸ்க் ஒன்று இரவல் வந்தது. அதை நான் தினமும் ஒரு தடவை திறந்து மோந்து பார்ப்பேன். உள்ளே வேறு வீட்டுக் கோப்பி வாசம் இருந்தது. அந்தப் பாதை போட்ட பலகை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அப்பா அதைப் பிறகு கோழிக்கூட்டுக்குக் கதவாக அடித்துவிட்டார். மாத்தளைமேல் கோழிகள் கொத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் தயார். நோர்வூட்டில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா தன்னுடைய வேனைத் தருவதாகவும் தானே ஓட்டிவருவதாகவும் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஸ்டோரில் லீவு கிடைத்துவிட்டது. மாமாவுக்குக் கடையில் லீவு. மிச்சம் இருந்தது அம்மாவின் லீவு. சித்திரை மழை விழுந்தால் தேயிலை பொங்கிக்கொண்டு துளிர்க்கும், ஒருநாள் விட்டால் முற்றிப்போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் கொழுந்துக்காரிக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. சாவு என்றால் மட்டும் விடுவார்கள். வேறு காலத்தில் போயிருக்கலாமே என்றால், எங்களுக்குப் பள்ளிக்கூட லீவும் மாமாவுக்குக் கடை லீவும் சித்திரையில்தான். கடலுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இத்தனை நாளும் நின்றது கண்டியும் மாத்தளையும் அல்ல, எங்கள் தோட்டத்துக் கொழுந்துதான். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அப்பா கேட்கிறேன் கேட்கிறேன் என்று கடைசி நாள் காலை வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். அப்பாவுக்குக் கங்காணியைக் கண்டால் நாக்கு எழாது.

அன்று காலை பெரட்டுக் களத்தில் நடந்ததை அப்பாவே பிற்பாடு பலதடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த கங்காணியிடம் போய், "அவளுக்கு மேலுக்கு முடியலங்க, ஒரு மூணு நாளைக்கு..." என்று இழுத்திருக்கிறார்.

"முடியலன்னா மருந்து ஐயாகிட்டக் காட்டு, அவரு சொல்லட்டும். மரத்துல கொழுந்து முத்துது, நீ மூணு நாளுங்கற."

அம்மா அந்த நேரம் காம்பராவில் ஆரஞ்சு நிறப் புடவை கட்டித் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அவளை எப்படி மருந்து ஐயாவுக்கு முன்னால் நிறுத்துவது? அப்பா வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"இல்லங்க கங்காணிய்யா. எங்கண்ணன் தவறிட்டாரு. டவுன்ல மச்சான்கிட்ட ஆள் வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க."

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, உடப்புசல்லாவையில் ஒரு தோட்டத்தில் இருந்தார். நல்ல சுகமாக இருந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. என் தம்பியின் காதுகுத்துக்குப் பெரியப்பா ஒரு கிடாயை முன்கூட்டி அனுப்பிவைத்தார். அவர் வந்துசேரக் கொஞ்சம் சுணங்கியது. அதற்குள் அப்பா கிடாயை வெட்டிக் கறியாக்கிப் பந்தியும் போட்டுவிட்டார். எலும்புக்கு வந்தேனா என்று பெரியப்பா வாசலோடு திரும்பிப் போனவர்தான். இந்தக் கோபத்தில்தான் அப்பாவின் வாயில் அவர் முதலில் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அப்பா விஷயத்தைச் சொன்னபோது அம்மா திகைத்துப்போனாள்.

"அடப் பாவி மனுசா. உசிரோட இருக்கறவர..."

"லீவு கெடைச்சிருச்சுல்ல?" என்றார் அப்பா.

அவர் மறந்தது ஒன்றே ஒன்று. பெரட்டில் சாவு சொன்னால் அது நம்மோடு நிற்காது. அம்மா பூவைச் சரிசெய்வதற்குள் லயத்து முனையில் அழுகைச் சத்தம் கேட்டது. அடுத்த காம்பரா அத்தையும் இன்னும் இரண்டு பெண்களும், கொழுந்துக் கூடையை அப்படியே இறக்கிவைத்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அம்மா ஒரு பாய்ச்சலில் பூவை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டாள். ஆரஞ்சுப் புடவைமேல் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டாள். எனக்கு ரிப்பன் அவிழ்ந்தது. தம்பிக்கு அப்பா வாயைப் பொத்தினார், அவன் "கடல்" என்று தொடங்கியிருந்தான்.

அந்தச் சமயம் பார்த்து நானாவின் வேன் வந்து நின்றது. பயணம் என்று கழுவித் துடைத்து, முன் கண்ணாடியில் ஒரு பூமாலையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார் மனிதர்.

"சாவுக்குப் போற வண்டிக்கு எதுக்குங்க மால?" என்று அத்தை கேட்டாள்.

நானா அப்பாவைப் பார்த்தார். அப்பா வானத்தைப் பார்த்தார். நானா மாலையைக் கழற்றி இருக்கைக்குக் கீழே போட்டார். கெட்டிக்காரர்.

சாவு வீட்டுக்குப் போகிற வண்டியில் இடமில்லை என்று யாரிடமும் சொல்லக்கூடாது. நம் தோட்டங்களில் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. அத்தையும் அந்த இரண்டு பெண்களும் ஏறிவிட்டார்கள். கடைசியில் கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணியே வந்தார். அவரும் பெரியப்பாவும் இளவட்டத்தில் ஒன்றாகத் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர்களாம். "எங்கூட்டாளி மொகத்த ஒருக்காப் பாத்துட்டு வந்துடுறேன். கண்டாக்கு ஐயாகிட்டச் சொல்லிட்டேன், மூணு நாளு குடுத்திருக்காரு" என்று, கங்காணிகளுக்கே மேலாளான கண்டாக்கு ஐயா கொடுத்த லீவோடு முன் இருக்கையில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்தார். அப்பா அங்கேயே மெலிந்துபோனது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

வண்டிக்குள் புளிச்சோற்று வாசம். சாவு வீட்டுக்குப் புளிச்சோறா என்று ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். "புள்ளைங்களுக்கு" என்றாள் அம்மா. அவள் இன்னும் நம்பிக்கையோடுதான் இருந்தாள். எங்கேயாவது, எப்படியாவது, அப்பா வாயைத் திறப்பார் என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹட்டனில் மாமா ஏறிக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அங்கேதான் பாதை பிரிகிறது. கினிகத்தேனைப் பக்கம் இறங்கினால் கண்டி, மாத்தளை, கடல். தலவாக்கலைப் பக்கம் ஏறினால் நுவரெலியா, உடப்புசல்லாவை. நானா வண்டியைச் சந்தியில் நிறுத்தி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் நிக்குது? தலவாக்கலப் பக்கம் திருப்புங்க நானா" என்றார் கங்காணி.

வண்டி திரும்பியது. அம்மா அழத் தொடங்கினாள்.

அது சும்மா அழுகை இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல் வந்தது. "கிட்ட வந்தும் கிட்டாமப் போச்சே, இனி எந்தக் காலம் பாப்பேனோ" என்று அவள் ராகம் போட்டதும் மற்ற பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். வளைவுக்கு வளைவு ஒப்பாரி ஏறியது. "புருசனோட அண்ணனுக்கு இப்புடி அழுவுற பொம்பளய நான் பாத்ததில்ல" என்று அத்தை கங்காணியிடம் சொல்ல, அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா பிரமாதமாக நடிக்கிறாள் என்று நான் நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. அவளுடைய கடல் ஒவ்வொரு வளைவிலும் பின்னால் போய்க்கொண்டிருந்தது என்பது அந்த வண்டிக்குள் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கே எத்தனையோ காலம் கழித்துத்தான் உறைத்தது.

நுவரெலியாவில் சீசன். கொழும்பிலிருந்து குளிர் பார்க்க வந்தவர்கள் புத்தம்புது ஸ்வெட்டரில் தெருவெல்லாம் நடந்தார்கள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் குதிரை வந்து, எங்கள் ஜன்னலுக்குள் ஒரு கணம் பார்த்துவிட்டு, மறுபடி பனிமூட்டத்துக்குள் போயிற்று. தம்பி அதைத்தான் யானை என்றான். கலர் பல்புகள் பகலிலேயே மங்கலாக எரிந்தன. உள்ளே ஒப்பாரி, வெளியே எங்கிருந்தோ பாண்டு வாத்தியம். இன்றைக்கும் எனக்கு நுவரெலியா என்றால் அழுகையும் வாத்தியமும் சேர்ந்துதான் கேட்கும்.

கந்தப்பளை, ராகலை தாண்டி உடப்புசல்லாவை போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. பெரியப்பாவின் லயத்துக்கு முன்னால் வேன் நின்றதும் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு இறங்கினார்கள். அங்கே இருந்தவர்கள் ஓடிவந்து யார் வீட்டுக்கு என்று கேட்டார்கள். அத்தை பெரியப்பாவின் பெயரைச் சொல்லி அலறினாள். காலையில் பார்த்த மனிதர் அதற்குள் போய்விட்டாரே என்று அந்த லயத்துப் பெண்களும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். லயம் முழுக்க அழுகை. அப்போது பீலிப் பக்கமிருந்து, இடுப்பில் துண்டும் தலை நிறைய சவுக்கார நுரையுமாக ஒருவர் வேகமாக வந்தார்.

"யாருடா? யாருடா செத்தது?" என்று கேட்டார் பெரியப்பா.

ஒரு பெண் மயங்கி விழுந்தாள். கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அப்பா மட்டும் நேரே நடந்து போய், அந்த நுரையோடு பெரியப்பாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். அது மட்டும் நிஜம். வழியெல்லாம் ஒப்பாரி கேட்டுக் கேட்டு, அண்ணன் நிஜமாகவே போய்விட்டால் என்ன செய்வேன் என்று அவருக்குள் இறங்கியிருந்தது.

"ஒண்ணுமில்லண்ணே. தப்பா வந்து சொல்லிட்டாங்க. டவுன்ல மச்சான்கிட்ட யாரோ தப்பாச் சொல்லிட்டாங்க."

மாமா தலையை மேலும் கீழும் ஆட்டினார். பொய்ச் செய்தி என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். யாரோ முகம் தெரியாத ஒருவனைக் கூட்டமாகத் திட்டினார்கள். பிறகு சிரிப்பு. பெரியப்பா தலையைக் கழுவிக்கொண்டு வந்தார். பெரியம்மா கோழி அடிக்கச் சொன்னாள். செத்துப் பிழைத்தவருக்கு ஆயுசு கெட்டி என்று ஆளுக்காள் சொன்னார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே பலகையில் உட்கார்ந்து, எங்கள் புளிச்சோற்றை ஒரே தட்டில் தின்றார்கள். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பொய் சாமர்த்தியமாக மூடிக்கொண்டுவிட்டது.

கங்காணி கை கழுவிவிட்டு வந்து, "நல்லபடியா முடிஞ்சிச்சு. காலையிலேயே திரும்பிடுவோம். மரத்துல கொழுந்து நிக்குது" என்றார்.

"ஆமாங்க, ஆமாங்க" என்றார் அப்பா.

அம்மா இன்னும் அழுதுகொண்டிருந்தாள். காம்பரா மூலையில், ஸ்வெட்டர் மூட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை போல என்று அத்தை அவள் முதுகைத் தடவினாள். பெரியப்பாவுக்கு மனது இளகிவிட்டது. வாசலில் நின்று, "நீ ஏன் தாயி இன்னும் அழுவுற? அதான் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல" என்றார்.

புருஷனின் அண்ணன் முன்னால் அம்மா வாய் திறந்து பேசி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவாள், அவ்வளவுதான். அன்றைக்கு எழுந்து நின்றாள்.

"நான் ஒங்களுக்கு அழுவலைங்க. கடலுக்கு அழுவுறேன்."

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மா நிறுத்தவில்லை. "யாரும் தப்பா வந்து சொல்லல. எனக்கு லீவு கெடைக்காதுன்னு இவருதான் ஒங்களச் சாவடிச்சாரு. நாங்க கடலுக்குப் போவக் கெளம்புனோம். இத்தன நாளாத் தெனமும் போயிக்கிட்டுதான் இருந்தோம். இன்னைக்குப் போவலன்னா நான் சாவுற வரைக்கும் போவமாட்டேன். அது எனக்குத் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால், குழந்தைபோல அழுதாள்.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கங்காணியிடம் பொய் சொல்லி லீவு வாங்கியது வெளியே வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மாதக்கணக்கில் வேலை நிறுத்திவிடுவார்கள். நான் கங்காணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

முதலில் பேசியவர் பெரியப்பா. "ஏன்டா, கெடாய முடிச்ச மாதிரியே என்னையும் நான் வாரதுக்குள்ள முடிச்சிட்டியேடா" என்றார். சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமாவுக்கு மட்டும் அடக்க முடியாமல் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

கங்காணி தலைப்பாகையை எடுத்து நிதானமாகக் கட்டினார். "நான் கண்டாக்கு ஐயாகிட்டச் சாவுன்னு சொல்லி மூணு நாளு வாங்கியிருக்கேன். இப்பத் திரும்பிப் போயி, செத்தவரு எந்திரிச்சி எங்களுக்குச் சோறு போட்டாருன்னு சொன்னா சிரிக்கறது ஒன்னையா, என்னையா? மூணு நாளைக்கு நம்ம யாரும் தோட்டத்துப் பக்கம் தலையக் காட்டக் கூடாது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "எங்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம். நான் விட்டிருக்க மாட்டேன்தான். ஆனாக் கேட்டிருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகுதான் நானா பக்கம் திரும்பினார். "இங்கேருந்து கடலுக்கு எப்புடிப் போறது?"

"திருகோணமலைக்கு இனி ஏலாது. மட்டக்களப்புப் பக்கம் எறங்கலாம். பெட்ரோலுக்குப் பதுளையில நிப்பாட்டுவோம்" என்றார் நானா. இதற்காகவே காத்திருந்தவர்போல.

அத்தையையும் அந்த இரண்டு பெண்களையும் என்ன செய்வது என்று பார்த்தார்கள். "சாவு வீட்டுக்குத்தானே போயிருக்கேன், மூணு நாளைக்கு வீட்டுல தேட மாட்டாங்க" என்று அத்தை முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தாள், மற்ற இருவரும் அவள் பின்னாலேயே. பெரியப்பாவும் ஏறினார். தனக்காகக் கொடுத்த லீவு, தான் இல்லாமலா என்றார்.

வெலிமடை வழியாகப் பதுளை போய், ஒரு கோயில் மடத்தில் தங்கி, விடிந்ததும் கிளம்பினோம். பசறை, பிபிலை. மாமாவுக்கும் தெரியாத ஊர்கள், பலகையில் இல்லாத ஊர்கள். மலை எங்களை மெல்ல இறக்கிவிட்டது. காதடைத்தது. காற்று வெதுவெதுப்பாகி, பிறகு அடுப்பு வாய்போல ஆயிற்று. அப்பா மகாஓயா தாண்டியும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. "கடல் வரட்டும், அப்பத் தெரியும்" என்றார். அதற்குப் பின்னால் வந்த வருஷங்களில் அந்தப் பாதை சண்டையில் நமக்கு மூடிப்போனது, எத்தனை காலம் மூடிக்கிடந்தது என்பதெல்லாம் நீங்களும் பார்த்தவர்கள்தானே. அன்றைக்கு அம்மா அடக்கமான மருமகளாக அந்த மூலையிலேயே உட்கார்ந்திருந்தால் அவள் சொன்னபடியேதான் ஆகியிருக்கும். அவளை நினைத்து நான் சந்தோஷப்படுகிற விஷயங்களில் இதுதான் முதலாவது.

மட்டக்களப்புக் கடற்கரையில் வேன் நின்றபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. நாங்கள் கத்திக்கொண்டு ஓடினோம். அத்தையும் அந்தப் பெண்களும் அலை வந்தால் ஓடுவதும் போனால் துரத்துவதுமாகப் பச்சைப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். பெரியப்பா ஒரு கை அள்ளி வாயில் விட்டு, துப்பிவிட்டு, எல்லோரிடமும் உப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா ஓடவில்லை. பழைய புடவையை அவிழ்த்து மணலில் போட்டுவிட்டு, ஆரஞ்சுப் புடவையோடு மெதுவாக நடந்து போய், முழங்கால் தண்ணீரில் நின்றாள். கும்பிடவில்லை. சிரிக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெகுநேரம் போயிற்று. நானா ஹார்ன் அடித்தார். எல்லோரும் கால் மணலைத் தட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் வந்துவிட்டோம்.

"ஏய், வா, போதும். தூரம் போவணும்" என்று அப்பா கூப்பிட்டார். அம்மா திரும்பவில்லை.

கூப்பிட்டால் ஓடி வருகிறவள் அவள். பெரட்டுக்குக் கூப்பிட்டாலும், கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டாலும், நாங்கள் பசி என்று கூப்பிட்டாலும். கங்காணி இரண்டு கையையும் வாயில் குவித்து, மலையில் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார். அம்மாவுக்குக் கேட்டது. தோள் ஒருதரம் அசைந்ததை நான் பார்த்தேன். திரும்பவில்லை.

அத்தை அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவரப் புறப்பட்டாள். கங்காணி கையை நீட்டித் தடுத்தார்.

"நிக்கட்டும், விடுங்க" என்றார்.

நானா ஹார்னிலிருந்து கையை எடுத்தார். அப்பா ஸ்வெட்டரைக் கழற்றினார். நாங்கள் எல்லோரும் மணலில் உட்கார்ந்து, அம்மா வரும்வரை காத்திருந்தோம்.